சப்போரோவில் வருஷம் முழுக்கக் குடும்பத்தோடு இருக்க முடியுமா? பனி, வெயில் எல்லாம் சொல்லுங்கள்

திருச்சி_பாலா:
வணக்கம். வட ஜப்பானில், சப்போரோவில் இருக்கும் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் வந்தாலும் சரி, அக்டோபரில் வந்தாலும் சரி என்று பேராசிரியர் எங்களிடமே விட்டுவிட்டார். மனைவியும் நாலு வயதுப் பையனும் கூட வருகிறார்கள். ஆனால் வீட்டில் யாரோ ஒருவர், இரண்டு பக்கமும் பனை மர உயரத்துக்குப் பனிச் சுவர், நடுவில் பஸ் போகிறது என்று ஒரு வீடியோவைக் காட்டிவிட்டார், அன்றிலிருந்து மாமனார் "பெங்களூரிலேயே ஏதாவது பாருங்களேன் மாப்பிள்ளை" என்று தினமும் ஆரம்பித்துவிடுகிறார். நானும் தேடிப் பார்த்தேன், வருஷத்துக்குச் சுமார் 5 மீட்டர் பனி விழும் என்று போட்டிருக்கிறது. 5 மீட்டர் என்றால் முதல் மாடி மூடிவிடாதா? குளிர்காலம் மட்டும் இல்லை, பன்னிரண்டு மாதமும் எப்படி இருக்கும் என்று அங்கே இருக்கிறவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

டோக்கியோ_மீனா:
முதலில் மாமனாரிடம் சொல்லுங்கள், அந்த வீடியோ சப்போரோவே இல்லை. அது ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவில் இருக்கும் தாத்தேயாமா மலைப்பாதை. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, வசந்த காலத்தில் பாதையை வெட்டித் திறந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஜப்பான் பனி என்று யார் தேடினாலும் அதுதான் முதலில் வந்து நிற்கும்.

வடக்குவாசி:
பாலா, 5 மீட்டர் கணக்கு சரிதான், ஆனால் அது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஒவ்வொரு நாளும் புதிதாக விழுந்ததை அளந்து வருஷம் முழுக்கக் கூட்டிச் சொல்வது அது. 1991 முதல் 2020 வரையிலான சராசரி 479 செ.மீ. விழுந்த பனி தன் எடையிலேயே அமுங்கும், கொஞ்சம் உருகும், மேலே மறுபடி விழும். தரையில் நிற்கிற ஆழம் பிப்ரவரி கடைசியில் உச்சத்துக்குப் போகும்போது ஒரு மீட்டர் சுமார். அதுவும் பூங்காவிலும் யாரும் நடக்காத இடத்திலும்தான். ஆனால் தெருவில் இருக்கிற பனியை ஓரமாக ஒதுக்கி ஒதுக்கிச் சேர்ப்பதால் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குச் சுவர் வந்துவிடும். பிப்ரவரியில் சின்னச் சந்திப்புகளில் காரை மூக்கு வரை வெளியே நீட்டித்தான் எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க முடியும்.

குளிர் என்று பார்த்தால் ஜனவரி சராசரி மைனஸ் 3.2 டிகிரி. பகலில் பூஜ்ஜியத்தை ஒட்டி, ராத்திரியில் மைனஸ் ஆறு ஏழு. 1929-இல் மைனஸ் 28.5 வரை போயிருக்கிறது, இப்போது மைனஸ் 10-க்குக் கீழே போனாலே பேச்சாகிவிடும். இந்த ஊரில் இருக்கிறவர்கள் குளிரைப் பற்றிப் புலம்பிக் கேட்டதில்லை. பனி கொடுக்கிற வேலையைப் பற்றியும் வழுக்கலைப் பற்றியும்தான் புலம்புவார்கள். அதைக் கேளுங்கள், சொல்கிறேன்.

ஸ்காபரோ_குமரன்:
மைனஸ் மூன்றா? தம்பி, அதுக்கா மாமனார் பயப்படுகிறார்? இங்கே டொரொண்டோவில் காற்றும் சேர்ந்தால் உடம்பில் படுவது சில நாட்களில் மைனஸ் 25, 30 வரை கூடப் போகும். வினிபெக்கில் இருக்கிற எங்கட சனத்தைக் கேட்டுப் பாருங்கள், அங்கே ஜனவரி சராசரியே மைனஸ் 16. அந்த ஊரில் காரை ராத்திரி கரண்டில் செருகி வைக்காவிட்டால் காலையில் எஞ்சின் திரும்பாது. சப்போரோ எல்லாம் விளையாட்டு.

வடக்குவாசி:
குமரன் அண்ணா, குளிரில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், ஒத்துக்கொள்கிறேன். பனியில் வாருங்கள். டொரொண்டோவில் வருஷத்துக்கு எவ்வளவு விழும்? 120 செ.மீ. சுமார். நாங்களும் 43 டிகிரி வட அட்சம், நீங்களும் கிட்டத்தட்ட அதே. ஜனவரி வெப்பநிலையும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இங்கே நாலு மடங்கு. மொன்ட்ரியாலே இதில் பாதியைத் தாண்டாது. இருபது லட்சம் பேர் இருக்கிற ஊரில் இவ்வளவு விழுவது உலகத்திலேயே அபூர்வம்.

ஸ்காபரோ_குமரன்:
ஓம், அது சரி. ஆனால் அது எப்படி? அதே அட்சம், அதே குளிர், ஸ்னோ மட்டும் நாலு மடங்கு எங்கே இருந்து வருகிறது?

பூகோள_வாத்தியார்:
இங்கேதான் என் வேலை வருகிறது. (ஓய்வு பெற்றும் இந்தப் புத்தி போகவில்லை.)

குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் கனமான குளிர்ந்த காற்று உட்கார்ந்துவிடும். அது வறண்ட காற்று, அதில் பனி கொட்ட ஈரமே இல்லை. அது வடமேற்கிலிருந்து ஜப்பானை நோக்கி வரும் வழியில் ஜப்பான் கடல் குறுக்கே கிடக்கிறது. அந்தக் கடலுக்குத் தெற்கிலிருந்து சூடான சுஷிமா நீரோட்டம் வருகிறது, அதனால் ஜனவரியிலும் தண்ணீர் உறையாது. மைனஸ் இருபது டிகிரிக் காற்று அந்தத் தண்ணீரின் மேல் போனால் கடலே ஆவி பறக்கும். அடியில் சூடு, மேலே குளிர், காற்று குமிழ் குமிழாக மேலே எழும்பி மேகமாகும். செயற்கைக்கோள் படத்தில் சீப்பால் வாரிய மாதிரி வரிவரியாக மேகம் தெரியும். கரை ஏறியதும் மலை மோதும், கொட்டிவிடும். சப்போரோவில் கடலுக்கும் ஊர் நடுவுக்கும் இருபது கிலோமீட்டர் கூட இல்லை, இஷிகாரி சமவெளி வாயைத் திறந்துகொண்டு வடமேற்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

நம் ஊரில் வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து சென்னையிலும் நாகையிலும் கொட்டுகிறதே, வேலை அதே மாதிரிதான். சைபீரியக் காற்றை இமயமலை தடுத்துவிடுவதால் நமக்கு வருவது அதே காற்று இல்லை. ஆனால் நிலத்துக் காற்று சூடான கடலைத் தாண்டி எதிர்க்கரையை நனைக்கிற சங்கதி ஒன்றுதான்.

குமரன், உங்கள் பக்கத்திலும் இது இருக்கிறது. ஈரி ஏரியைத் தாண்டும் காற்று பஃபலோவில் கொட்டும், ஹூரன் ஏரியைத் தாண்டுவது பாரியில் கொட்டும். டொரொண்டோ ஒன்டாரியோ ஏரிக்கு வடமேற்குக் கரையில் இருப்பதால் காற்று உங்கள் ஊரைக் கடந்த பிறகுதான் ஏரிக்கே போகிறது. அதோடு ஈரி ஆழம் குறைந்த ஏரி, நல்ல குளிர் வந்தால் மேலே ஐஸ் மூடி ஆவி நின்றுபோகும். ஜப்பான் கடல் மூடாது, அதனால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை குழாய் திறந்தேதான் கிடக்கும்.

ஸ்காபரோ_குமரன்:
பாரியில் எங்கட மச்சான் இருக்கிறார், ஒவ்வொரு வருஷமும் ஸ்னோ அள்ளி முதுகு போய்விட்டது என்பார். இப்பதான் காரணம் விளங்குது.

டோக்கியோ_மீனா:
இதில் இன்னொரு பாதி இருக்கிறது சார். மலையின் அந்தப் பக்கமே எல்லாவற்றையும் கொட்டிவிடுவதால் டோக்கியோவுக்கு வருவது வெறும் காய்ந்த காற்று. டிசம்பர், ஜனவரியில் இங்கே வானம் பளிங்கு மாதிரி நீலமாக இருக்கும், உதடு வெடிக்கும், கை தோல் உரியும். அதே நாளில் சப்போரோவில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

கூல்_ராஜா:
எல்லாம் சரி. இப்படி ஒரு இடத்தில் ஊர் கட்டியே ஆக வேண்டுமா? வேறு இடமே கிடைக்கவில்லையா அவர்களுக்கு?

வடக்குவாசி:
ராஜா, இந்தத் தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள் ஊர் கட்டுவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இங்கே இருந்தார்கள். அவர்கள் நிலத்தின் மேல்தான் 1869-இல் ஜப்பானின் அப்போதைய மெய்ஜி அரசு குடியேற்ற அலுவலகம் ஒன்றை வைத்து, கட்டம் கட்டமாகத் தெரு போட்டது. ரஷ்யா வடக்கிலிருந்து இறங்கிவிடுமோ என்ற பயமும், சமவெளி நிலமும் காரணம். பனியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் இல்லை.

திருச்சி_பாலா:
வாத்தியார் சார், ரொம்ப நன்றி, மாமனாரிடம் வடகிழக்குப் பருவக்காற்று என்றே சொல்லிப் பார்க்கிறேன். வடக்குவாசி அண்ணா, அந்த "வேலை", "வழுக்கல்" இரண்டையும் விவரமாகச் சொல்லுங்களேன். எனக்குக் கார் இருக்காது, நடந்தும் மெட்ரோவிலும்தான் போக வேண்டும்.

வடக்குவாசி:
வேலையில் ஆரம்பிக்கிறேன். ராத்திரி பத்து செ.மீ. அளவுக்கு விழுந்துவிட்டால் நடுராத்திரிக்கு மேல் பனி ஒதுக்கும் வண்டிகள் கிளம்பும். நீங்கள் தூங்கும்போது ஜன்னல் அதிரும், ஆரஞ்சு விளக்கு சுவரில் சுற்றும். காலையில் பார்த்தால் சாலை சுத்தமாக இருக்கும், ஆனால் ஒதுக்கிய பனி கட்டி கட்டியாக உங்கள் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதை நீங்கள்தான் அள்ள வேண்டும். மேலே விழுந்த பனி பஞ்சு, வண்டி தள்ளிவிட்டுப் போனது செங்கல். வாடகை அடுக்குமாடியில் இருந்தால் பெரும்பாலும் இந்த வேலை உங்கள் தலையில் விழாது. வீடு பார்க்கும்போது பனியை யார் அள்ளுவார்கள், அதற்குத் தனியாகப் பணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு நான் இருந்த கட்டிடத்தில் மாதாமாதம் அதற்கென்று வாங்கிக்கொண்டு, பிப்ரவரியில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, மாடிப்படி முழுக்க ஐஸ்.

மாநகராட்சி பனிக்கென்று செலவழிப்பது சமீப வருஷங்களில் வருஷத்துக்கு 2,000 கோடி யென்னுக்கு மேல். லாரி லாரியாக அள்ளி ஆற்றோரத்திலும் ஊருக்கு வெளியிலும் கொட்டுவார்கள், அந்தக் கறுப்பு மலைகள் ஜூன் வரைக்கும் கரையாமல் கிடப்பதைப் பார்க்கலாம். மோய்ரேநுமா பூங்காவில் இருக்கிற கண்ணாடிப் பிரமிடைக் கோடையில் குளிர வைப்பது குளிர்காலத்தில் சேர்த்து வைத்த பனிதான். இவ்வளவு செய்தும் சில சமயம் தோற்றுப்போவார்கள். 2022 பிப்ரவரி 6-ஆம் தேதி 24 மணி நேரத்தில் 60 செ.மீ. விழுந்தது, சப்போரோவிலிருந்து ரயிலே ஓடவில்லை, குப்பை வண்டி தெருவுக்குள் வரவில்லை, பஸ் நின்றது. மெட்ரோ ஓடியது. அதனால்தான் சொல்கிறேன், மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். 1972 குளிர்கால ஒலிம்பிக்குக்கு முன்னால், 71 டிசம்பரில் திறந்தது அது. ரப்பர் டயரில் ஓடும். தெற்கே ஒரு பகுதி தரைக்கு மேல் போகிறது, அங்கே தண்டவாளம் முழுக்க அலுமினியக் கூரை போட்டு மூடியிருக்கிறார்கள். வெளியே என்ன கொட்டினாலும் உள்ளே சொட்டு விழாது. சப்போரோ நிலையத்திலிருந்து ஊர் நடுவில் பூங்கா இருக்கிற ஓதோரி வரைக்கும் நிலத்தடியிலேயே நடந்து போகலாம், அந்த நடைவழி 2011 மார்ச்சில் திறந்தது. அங்கிருந்து சுசுகினோ பக்கமும் நிலத்தடியிலேயே போய்விடலாம்.

இப்போது வழுக்கல். குமரன் அண்ணா ஊரில் சாலையில் உப்பு கொட்டுவார்கள், ஸ்னோ சட்டென்று கறுப்புச் சேறாகிவிடும். இங்கே அவ்வளவு விழும்போது எல்லாத் தெருவுக்கும் உப்புக் கொட்டிக் கட்டாது. பனி மேலேயே வண்டி ஓடி அமுங்கி வெள்ளைத் தரையாகிவிடும். அது நடக்கச் சுகம்தான், கிரக் கிரக்கென்று சத்தம் வரும். ஆபத்து எப்போது என்றால், பகலில் பூஜ்ஜியத்துக்கு மேலே போய் உருகி ராத்திரி உறைகிறபோது. டிசம்பர் ஆரம்பமும் மார்ச்சும் அதற்குப் பேர்போனவை. பழைய காலத்தில் டயரில் ஆணி அடித்து ஓட்டினார்கள். அது சாலையைத் தேய்த்து வசந்தத்தில் ஊரே தூசியாகி, சனங்களுக்கு நெஞ்சு கரகரத்து, 1990-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆணி இல்லாத டயர்கள் சந்திப்பில் நின்று கிளம்பி நின்று கிளம்பி ஐஸை மெருகேற்றிவிடுகின்றன. சிக்னலுக்குப் பக்கத்தில்தான் ரொம்ப வழுக்கும், வெறிச்சோடிய இடத்தில் இல்லை. அதனால் சிக்னல் ஓரங்களில் மணல் பை வைத்த பெட்டி இருக்கும், நீங்களே எடுத்துத் தூவிக்கொண்டு போகலாம். விழுந்து ஆம்புலன்ஸில் போகிறவர்கள் சமீபத்துக் குளிர்காலங்களில் ஆயிரத்தைத் தாண்டுகிறார்கள், பாதிப் பேர் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், உள்ளூர்ப் பாட்டி தாத்தாக்கள்தான் அதிகம். அடியைச் சின்னதாக வையுங்கள், பாதம் முழுக்கப் படட்டும், கையைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுங்கள்.

ஸ்காபரோ_குமரன்:
கையைப் பொக்கெட்டுக்குள் வைக்காதே என்பது நல்ல புத்தி. இங்கே கனபேருக்குக் கை முறிந்ததே அதனால்தான்.

சப்போரோ_செல்வி:
பாலா, நான் இங்கே பையனைப் பள்ளிக்கு அனுப்புகிறேன், அதனால் குழந்தை விஷயம் நான் சொல்கிறேன். நாலு வயதுக் குழந்தைக்குப் பனி பண்டிகை, பயமே வேண்டாம். பாலர் பள்ளிக்குக் குழந்தையைச் சறுக்குப் பலகையில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போகிற அம்மாக்களை ஜனவரியில் தினமும் பார்க்கலாம். பெரியவனானால் தொடக்கப்பள்ளியிலேயே பனிச்சறுக்கு வகுப்பு உண்டு. கஷ்டம் எல்லாம் உங்களுக்குத்தான், உள்ளாடை, கால்சட்டை, முழு உடம்புப் பனியுடை, கையுறை, தொப்பி எல்லாவற்றையும் போட்டு முடித்த நிமிஷம் "அம்மா, பாத்ரூம்" என்பான்.

வீட்டுக்குள் குளிரே தெரியாது. இரட்டை ஜன்னல், வாசலுக்கு முன்னால் இன்னொரு கதவு வைத்த சின்ன அறை, பெரிய ஹீட்டர். டீ-ஷர்ட்டோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவதுதான் ஊர் வழக்கம். ஹீட்டர் மண்ணெண்ணெயா கேஸா என்று கேட்டுக்கொள்ளுங்கள், குளிர்கால மாதத்துச் செலவு அதில்தான் போகும். அப்புறம் ஊருக்குப் போகிறபோது குழாயில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் போக வேண்டும், அதற்கென்று ஒரு திருகு இருக்கும். வடிக்காமல் போனால் உள்ளே உறைந்து குழாய் வெடிக்கும். வீட்டுக்காரர் சாவி கொடுக்கிற அன்றைக்கே அந்தத் திருகு எங்கே என்று கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

டோக்கியோ_மீனா:
இது உண்மை. சப்போரோ ஆட்கள் டோக்கியோ வந்தால் "உங்கள் வீடுதான் குளிர்" என்று கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீடுகளில் சுவர் காகிதம் மாதிரி.

கூல்_ராஜா:
கரண்ட் போனால்?

வடக்குவாசி:
நல்ல கேள்வி ராஜா, முதல் தடவையாக. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி அதிகாலை நிலநடுக்கம் வந்தது. பெரிய அனல்மின் நிலையம் நின்று ஹொக்கைடோ தீவு கிட்டத்தட்ட முழுக்க இருட்டானது. மண்ணெண்ணெய் ஹீட்டர் என்றாலும் அதன் விசிறிக்கும் பற்றவைப்புக்கும் மின்சாரம் வேண்டும். செப்டம்பராக இருந்ததால் தப்பித்தோம், இதே ஜனவரியில் நடந்திருந்தால் என்று அன்றைக்குப் பேசாத ஆள் இல்லை. அதற்குப் பிறகு மின்சாரம் தேவைப்படாத சின்ன எண்ணெய் அடுப்பு ஒன்றை நிறையப் பேர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நானும்தான். அதைப் பற்ற வைத்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், புகைபோக்கி கிடையாது.

திருச்சி_பாலா:
குளிர்காலம் ஓரளவு புரிந்துவிட்டது. மற்ற மாதங்கள்? கோடையில் ஏசியே தேவைப்படாத ஊர் என்று படித்தேன், அது ஒன்றுதான் மனைவிக்குப் பிடித்திருக்கிறது.

டோக்கியோ_மீனா:
அதை நம்பாதீர்கள். அது பழைய கதை. 2023 ஆகஸ்ட் 23-இல் சப்போரோவில் 36.3 டிகிரி, அந்த ஊர்ப் பதிவுகளிலேயே அதிகம். அந்த வாரம் ஹொக்கைடோவில் ஒரு தொடக்கப்பள்ளிச் சிறுமி வெப்பத்தால் இறந்துபோனாள், வகுப்பறைகளில் அப்போது ஏசி இல்லை. டோக்கியோவின் வெயிலுக்குப் பயந்து ஒலிம்பிக் மாரத்தானைச் சப்போரோவுக்குக் கொண்டு போனார்களே, 2021 ஆகஸ்டில் என்ன ஆனது? அங்கேயும் வெயில் என்று பெண்கள் ஓட்டத்தை ஏழு மணியிலிருந்து ஆறு மணிக்கு மாற்றினார்கள், அதுவும் முந்தின நாள் சாயங்காலம்.

வடக்குவாசி:
மீனா சொன்ன நிகழ்ச்சி எல்லாம் நடந்ததுதான், ஆனால் ஒரு வாரத்தை வைத்துக் கோடையை எடை போட வேண்டாம். ஆகஸ்ட் சராசரி 22 டிகிரி சொச்சம், பகலில் 26. திருச்சிக்காரருக்கு அது ஊட்டி. ஜப்பானின் மற்ற இடங்களில் ஜூனில் பிடிக்கும் அந்த நசநச மழைக்காலம் இங்கே கிடையாது. புயல் அபூர்வமாகத்தான் எட்டிப் பார்க்கும், அதுவும் வலுவிழந்து வரும்.

டோக்கியோ_மீனா:
சராசரி யாரையும் தூங்க வைக்காது அண்ணா. குளிரை உள்ளே விடாமல் கட்டின வீடு, கோடையில் சூட்டை வெளியே விடாது. ஏசி இல்லாத அந்த வீட்டில் ராத்திரி 25 டிகிரிக்குக் கீழே போகவில்லை என்றால் என்ன செய்வது? குளிருக்கு இருக்கிற ஏற்பாட்டில் கால்வாசி வெயிலுக்கு இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

சப்போரோ_செல்வி:
மீனா பக்கம்தான் நான். அந்த 2023 கோடையில் எங்கள் தெருக் கடைகளில் மின்விசிறியே கிடைக்கவில்லை. பாலா, ஏசி பொருத்திய வீடாகப் பாருங்கள், பழைய கட்டிடங்களில் இருக்காது. பள்ளிகளிலும் அதற்குப் பிறகுதான் ஏசி வேலை வேகம் பிடித்தது.

ஆனால் மே, ஜூன் மாதங்களைப் பற்றி யாருமே பேசவில்லையே! மார்ச் கடைசியில் பனி உருகும், அது அசிங்கம், அதை ஒளிக்க வேண்டாம். நாலு மாதக் குப்பை, நாய்க் கழிவு, தொலைந்த ஒற்றைக் கையுறைகள் எல்லாம் ஒவ்வொரு அடுக்காக வெளியே வரும். ஏப்ரல் முதல் வாரத்தோடு தரை தெரியும். அப்புறம் எல்லாம் அவசர அவசரமாக நடக்கும், பிளம் பூவும் செர்ரியும் மக்னோலியாவும் வரிசையில் நிற்காமல் ஒன்றாகப் பூத்துவிடும். செர்ரி சராசரியாக மே முதல் தேதி, 2023-இல் ஏப்ரல் 15-லேயே பூத்துவிட்டது. மருயாமா பூங்காவில் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் அடுப்பு மூட்ட விடுவார்கள், பூவுக்குக் கீழே ஆட்டுக்கறிப் புகை. மே கடைசியில் லைலாக் பூக்கும், அந்தச் சமயம் திடீரென்று இரண்டு நாள் குளிர் திரும்பி வரும், கம்பளியைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஜூனில் விடியற்காலை நாலு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், தடித்த திரைச்சீலை இல்லையென்றால் உங்கள் பையன் மூன்றரைக்கே எழுந்து உட்கார்ந்திருப்பான்.

பூகோள_வாத்தியார்:
ஜப்பான் முழுக்க ஒரே நேரம் என்பதால் வந்த வினை அது. கிழக்கே இருக்கும் ஊருக்கு விடியல் சீக்கிரம். அதே காரணத்தால் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டும்.

வடக்குவாசி:
மூக்கு ஒழுகுகிற ஆளாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே செடார் மகரந்தம் பெரிய தொல்லை இல்லை, அதற்குப் பதில் ஏப்ரல் கடைசி, மேயில் பிர்ச் மரம். ஆப்பிள், பீச் தின்றால் வாய் அரிக்க ஆரம்பித்தால் அதுதான் காரணம் என்று உள்ளூர் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இலையுதிர் காலம் அழகு, ஆனால் அதைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் தவறவிடலாம். அக்டோபர் நடுவில் ஜோசான்கே பள்ளத்தாக்கு சிவக்கும், மாதக் கடைசியில் பல்கலைக்கழகத்துக் கிங்கோ மரச்சாலை முழு மஞ்சள். அதே வாரங்களில் யூகிமுஷி பறக்க ஆரம்பிக்கும். வெள்ளைப் பஞ்சைக் கட்டிக்கொண்ட அசுவினிப் பூச்சி அது, அதைப் பார்த்தால் ஓரிரு வாரத்தில் பனி என்று கணக்கு. 2023-இல் வாயைத் திறக்க முடியாத அளவுக்கு வந்தது, எல்லாரும் முகக்கவசத்தோடு சைக்கிள் ஓட்டினோம். தெய்னே மலை உச்சி வெளுக்கும், வண்டிக்காரர்கள் டயர் மாற்றுவார்கள். முதல் பனி சராசரியாக நவம்பர் முதல் தேதி வாக்கில். டிசம்பர் தொடக்கத்தில் விழுவது உருகாமல் அப்படியே தங்கிவிடும்.

என்னைக் கேட்டால் வருஷத்தில் மோசமான மாதம் நவம்பர். இலையும் இல்லை, பனியும் இல்லை, மழையும் ஆலங்கட்டியும் கலந்து அடிக்கும், மத்தியானம் மூன்று மணிக்கே மங்கல். பனி விழுந்த பிறகு தெரு வெளிச்சத்தில் ஊரே பளிச்சென்று ஆகிவிடும், மனசு தேறிவிடும்.

சப்போரோ_செல்வி:
நவம்பர் இல்லை, மார்ச்தான் மோசம். நவம்பரில் சலிப்பு, மார்ச்சில் எலும்பு முறிவு. காலையில் கண்ணாடி, மத்தியானம் கணுக்கால் வரைக்கும் சேற்றுத் தண்ணீர், ராத்திரி மறுபடி கண்ணாடி. அதோடு கூரையிலிருந்து ஐஸ் பாளம் விழும், கட்டிட ஓரமாக நடக்கவே கூடாது.

டோக்கியோ_மீனா:
ஆகஸ்ட்.

ஸ்காபரோ_குமரன்:
மூன்று பேரும் மூன்று மாதம் சொல்லியாயிற்று, ஆனால் ஒருவரும் ஜனவரி, பெப்ரவரி என்று சொல்லவில்லை பாருங்கள். அதுதான் மாமனாருக்குச் சொல்ல வேண்டியது.

திருச்சி_பாலா:
அதையே சொல்லிவிடுகிறேன்! சரி, கடைசியாக: ஏப்ரலா, அக்டோபரா?

வடக்குவாசி:
ஏப்ரல். அக்டோபரில் வந்தால் பெட்டியைப் பிரிக்கிறதுக்குள் நவம்பர் இருட்டு வந்துவிடும், மொழியும் தெரியாமல், மனைவி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார். ஏப்ரலில் வந்தால் தெரு, கடை, பாலர் பள்ளி எல்லாம் பழகிய பிறகு பனியைச் சந்திக்கலாம். பிப்ரவரியில் ஓதோரியில் பனித் திருவிழாவும் ரசிக்கலாம். 1950-இல் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பனிச் சிலை செய்து ஆரம்பித்தது அது.

சப்போரோ_செல்வி:
நான் அக்டோபர் என்பேன். மார்ச், ஏப்ரலில் ஜப்பான் முழுக்க வீடு மாறும், நல்ல வீடு எல்லாம் போய்விடும், சாமான் ஏற்றுகிறவர்களும் கிடைக்க மாட்டார்கள். அதோடு பையனுக்கு வந்த ஒன்றரை மாதத்தில் பனி, அவன் முகத்தைப் பார்த்தே நீங்கள் பாதி தேறிவிடுவீர்கள். இரண்டுமே தப்பில்லை, மனைவி எதைச் சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள்.

திருச்சி_பாலா:
கேட்டுவிட்டேன், அக்டோபர் என்கிறாள். ஊட்டியில் ஸ்வெட்டர், பூட்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வரலாமா?

வடக்குவாசி:
கம்பளி வாங்குங்கள், காலணி வேண்டவே வேண்டாம். நம் ஊர் பூட்ஸின் அடிப்பாகம் குளிரில் இறுகி அப்படியே சறுக்கும். இங்கே உள்ளூர்க் கடையில் பனிக்கென்றே செய்த ரப்பர் அடிப்பாகத்தோடு கிடைக்கும், விலையும் பயங்கரம் இல்லை.

சப்போரோ_செல்வி:
பையனுக்கு வாங்கவே வேண்டாம். என் மகனுக்குச் சின்னதாகிப் போன பனி பூட்ஸும் முழுப் பனியுடையும் கட்டி வைத்திருக்கிறேன். அவன் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து, செ.மீ. கணக்கில் சொல்லுங்கள். அக்டோபருக்குள் வளர்ந்துவிடுவான், ஒன்று கூட்டியே எடுத்து வைக்கிறேன்.

திருச்சி_பாலா:
16 அக்கா. ரொம்ப நன்றி.